மேமோகிராமுடன் அல்ட்ராசவுண்டையும் சேர்த்து மார்பகப் புற்றுநோயைக் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் ஒரு வெண்ணிழல் தெரிகிறது. ஒலியலை ஸ்கேனான அல்ட்ராசவுண்டில் ஒரு கட்டி தெரிகிறது. இவை இரண்டும் ஒன்றுதானா என்று உறுதி செய்யாமலேயே அறிக்கையை எழுதி முடித்துவிடுவதுதான், மார்பக ஸ்கேனுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை. கருவியை இயக்கத் தெரியாததால் இது நேர்வதில்லை. வேலைகளின் வரிசை குலைவதால் நேர்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த வரிசையைப் பற்றியே பேசுகிறது. மார்பகப் படங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்களையும் ஸ்கேன் செய்பவர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதியிருக்கிறேன் என்றாலும், தமக்கு ஏன் இரண்டு பரிசோதனைகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அறிய விரும்புவோரும் இதைப் பின்தொடர முடியும்.

1. எந்தக் கருவிக்கு எது தெரியும், எது தெரியாது

மேமோகிராமில் கொழுப்புத் திசு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் தெரியும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். எனவே கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் சிறு கட்டிகூடப் பளிச்சென்று தெரிய, சுரப்பித் திசு அடர்ந்த மார்பகத்தில் பெரிய கட்டியும் வெண்மைக்குள் மறைந்துபோகக்கூடும். இந்த அடர்த்தியை ஏ முதல் டி வரை நான்கு வகைகளாகப் பிரித்து அறிக்கையில் குறிப்பிடுகிறோம்; சி, டி ஆகிய இரண்டும் அடர்ந்தவை.

அல்ட்ராசவுண்டில் சுரப்பித் திசு வெளிர் நிறமாகவும், பெரும்பாலான புற்றுநோய்க் கட்டிகள் கருமையாகவும் தெரிவதால், மேமோகிராம் திணறும் அதே இடத்தில் இது உதவுகிறது. ஆனால் மிகச் சிறிய சுண்ணாம்புத் துகள்களை இது நம்பத்தகுந்த வகையில் காட்டாது. பால்நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய் பல நேரங்களில் அந்தத் துகள்களால் மட்டுமே வெளிப்படும் என்பதால், அல்ட்ராசவுண்ட் ஒருபோதும் மேமோகிராமுக்கு மாற்றாகாது.

இரண்டையும் சேர்ப்பதற்கு ஒரு விலையும் உண்டு. ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் லான்செட் இதழில் வெளியான ஜே-ஸ்டார்ட் ஆய்வில், மேமோகிராம் மட்டும் செய்தபோது 77 சதவீதமாக இருந்த கண்டறியும் திறன், அல்ட்ராசவுண்டையும் சேர்த்தபோது 91.1 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் நோய் இல்லாதவர்களைச் சரியாக விலக்கும் திறன் 91.4 சதவீதத்திலிருந்து 87.7 சதவீதமாகக் குறைந்தது. அதாவது கூடுதலாகச் சிலருக்கு நோய் கண்டறியப்படும்போது, நோய் இல்லாத இன்னும் பலர் மறு ஸ்கேனுக்கும், ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கும் அழைக்கப்படுகிறார்கள். கீழே வரும் படிகளில் பாதி, இந்த இரண்டாவது கூட்டத்தைச் சுருக்குவதற்காகத்தான்.

2. எதை முதலில் செய்வது

மார்பகத்தில் கட்டி தட்டுப்படுகிறது என்று வருபவருக்கு 40 வயது அல்லது அதற்கு மேல் ஆகியிருந்தால் மேமோகிராம் முதலில், அல்ட்ராசவுண்ட் அடுத்து. 30 வயதுக்குக் கீழே என்றால் அல்ட்ராசவுண்டே முதலில். அதில் சந்தேகம் எழுந்தால் மட்டும் மேமோகிராம். இடைப்பட்ட வயதில் இரண்டில் எதையும் முதலில் செய்யலாம். கருவுற்றிருப்பவருக்கும் பாலூட்டுபவருக்கும் அல்ட்ராசவுண்டிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் அதில் சந்தேகத்துக்குரிய கட்டி தெரிந்துவிட்டால், கருவுற்றிருக்கிறார் என்ற காரணத்துக்காக மேமோகிராமைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த வயதானாலும் ஒரு விதியை விட்டுக்கொடுக்க வேண்டாம்: ஊசி குத்துவதற்கு முன்பே படங்கள் எல்லாம் எடுத்து முடிந்திருக்க வேண்டும். ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கட்டிக்கொண்டால் அது கட்டியின் விளிம்பை மறைத்துவிடும். பிறகு எடுக்கும் மேமோகிராமில் எது நோய், எது ஊசியின் விளைவு என்று பிரிப்பது கடினம்.

3. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பழைய மேமோகிராம் படங்கள்தாம் முதல் தேவை. அறிக்கைத் தாள் மட்டும் போதாது. பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் ஒரு நிழலையும், புதிதாக முளைத்த ஒரு நிழலையும் ஒரே நாளின் படத்தை வைத்துப் பிரிக்க இயலாது. பழைய படத்தைக் கேட்டு வாங்கச் சோம்பல்பட்டதால் தேவையில்லாத பயாப்ஸிக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கேள்விகள். முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா, எந்த இடத்தில்? அடிபட்டதா? ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாரா? குடும்பத்தில் மார்பகம் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, மார்பகம், சினைப்பை என்று உறுப்பைச் சொல்லி, யாருக்கு எந்த வயதில் என்று கேட்பதே பயன் தரும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் ஊசி போட நேர்ந்தால் அது தேவைப்படும். இவற்றில் அறுவைத் தழும்பைப் பற்றிய கேள்வியே அதிகம் மறக்கப்படுகிறது. பழைய தழும்பு ஒழுங்கற்ற விளிம்புடனும் பின்னால் நிழலுடனும் அச்சு அசலாகப் புற்றுநோயைப் போலவே தெரியும்.

பரிசோதனைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உண்டு. அன்றைய தினம் மார்பிலும் அக்குளிலும் பவுடர், கிரீம், வியர்வை நாற்றம் போக்கும் பூச்சு எதுவும் கூடாது. அவற்றிலுள்ள உலோகத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புத் துகள்கள்போலத் தெரியலாம். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் வந்தால் அழுத்தும்போது வலி குறைவாக இருக்கும். கட்டியே தட்டுப்படும் நிலையில் அதற்காக நாளைத் தள்ள வேண்டியதில்லை.

4. மேமோகிராமை முழுமையாகப் படித்து முடிப்பது

ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரண்டு கோணங்கள்: மேலிருந்து கீழாக எடுக்கும் சி.சி., சாய்வாக எடுக்கும் எம்.எல்.ஓ. படத்தின் தரத்தை முதலில் பாருங்கள். எம்.எல்.ஓ. படத்தில் மார்புத் தசை முலைக்காம்பின் மட்டம் வரையாவது இறங்கியிருக்க வேண்டும். மார்பகத்தின் அடி மடிப்பும் தெரிய வேண்டும். தசை தெரியாத படத்தில் ஆழத்திலிருக்கும் திசு விடுபட்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்யப் போகாமல், மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

சந்தேக நிழல் ஒன்று தெரிந்தால், உடனே அல்ட்ராசவுண்டின் கைக்கருவியான ப்ரோபைக் கையிலெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன், அந்த இடத்தை மட்டும் அழுத்தி எடுக்கும் படம் அல்லது முப்பரிமாண மேமோகிராம் தேவையா என்று பார்க்க வேண்டும். திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததால் தோன்றிய போலி நிழல் என்றால் அது அழுத்தியதும் கலைந்துவிடும். ஸ்கேனில் தேடுவதற்கு அங்கே எதுவும் இராது. சுண்ணாம்புத் துகள்களுக்கு உருப்பெருக்கிய படம் வேண்டும்.

சில நிழல்கள் மேமோகிராமிலேயே தம்மை அடையாளம் காட்டிவிடும். கொழுப்புக் கட்டி, எண்ணெய்ப் பை, சோளப்பொரிபோல் சுண்ணாம்பு படிந்த பழைய ஃபைப்ரோஅடினோமா (புற்றுநோயல்லாத திடக்கட்டி) ஆகியவை அத்தகையவை. இவற்றுக்கு ஸ்கேன் தேவையே இல்லை. செய்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனெனில் எண்ணெய்ப் பை அல்ட்ராசவுண்டில் சில நேரம் பயமுறுத்தும் தோற்றத்தைக் காட்டும்.

5. படத்திலிருந்து உடலுக்கு: இடத்தைக் கணிப்பது

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். மேமோகிராம் நிற்கும் நிலையில், மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே அழுத்தி எடுக்கப்படுகிறது. அல்ட்ராசவுண்டோ படுத்த நிலையில், மார்பகம் மார்புக்கூட்டின்மேல் பரவிக் கிடக்கும்போது செய்யப்படுகிறது. ஆகவே படத்தில் அளந்த தூரத்தை உடலில் அப்படியே வைத்துத் தேட முடியாது.

சி.சி. படம் அந்த நிழல் உட்பக்கமா வெளிப்பக்கமா என்பதைச் சரியாகச் சொல்லும். எம்.எல்.ஓ. படம் மேலா கீழா என்பதைத் தோராயமாகவே சொல்லும், ஏனெனில் கதிர் சாய்வாகப் பாய்கிறது. இதன் விளைவாக, வெளிப்பக்கத்திலுள்ள கட்டி எம்.எல்.ஓ. படத்தில் உண்மையான இடத்தைவிட மேலே தெரியும். உட்பக்கத்திலுள்ள கட்டி உண்மையான இடத்தைவிடக் கீழே தெரியும். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

எடுத்துக்காட்டாக, இடது மார்பகத்தின் சி.சி. படத்தில் முலைக்காம்பிலிருந்து 6 செ.மீ. பின்னால், வெளிப்பக்கத்தில், 12 மி.மீ. அளவில் ஒரு முட்டை வடிவ நிழல் இருக்கிறது, எம்.எல்.ஓ. படத்தில் அது முலைக்காம்பின் மட்டத்துக்குச் சற்று மேலே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாதவர் 2 மணி நிலையில் (மார்பகத்தை எதிரே தெரியும் கடிகார முகமாகக் கொண்டு இடத்தைச் சொல்லும் முறை இது) ப்ரோபை வைப்பார். அங்கே 5 மி.மீ. அளவில் ஒரு நீர்க்கட்டி இருக்கும் (நீர்க்கட்டிகள் எங்கும் இருக்கக்கூடியவை). 'மேமோகிராமில் கண்டது நீர்க்கட்டியே' என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார். உண்மையான கட்டியோ 3 அல்லது 4 மணி நிலையில் இருக்கும். சந்தேகம் இருந்தால் நேர்ப் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுங்கள். வெளிப்பக்கக் கட்டி அதில் கீழே இறங்கும், உட்பக்கக் கட்டி மேலே ஏறும்.

இடத்தைக் கணித்தபின், அந்தப் புள்ளியில் மட்டும் தேடாமல் சுற்றியுள்ள கால்பகுதி முழுவதையும் ஸ்கேன் செய்யத் திட்டமிடுங்கள்.

6. ஸ்கேன் செய்யும் முறை

மையஅதிர்வெண் 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேலுள்ள நேர்கோட்டு ப்ரோப் வேண்டும். பரிசோதிக்கும் பக்கத்துத் தோளுக்கு அடியில் தலையணை வைத்து, அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். மார்பகத்தின் வெளிப்பகுதி மெலிந்து பரவினால்தான் ஒலியலை மார்புத் தசை வரை எட்டும். உட்பகுதியைப் பார்க்கும்போது தலையணையை எடுத்துவிட்டு நேராகப் படுக்க வைக்கலாம்.

ஆழத்தை மார்புத் தசை தெரியும் அளவுக்கு மட்டும் வையுங்கள். நுரையீரல் வரை காட்டினால் மார்பகம் திரையின் மேல்பாதியில் சிறுத்துவிடும். குவியம் கட்டியின் மட்டத்தில் இருக்கட்டும். கெயின் (படத்தின் வெளிச்ச) அளவைக் கொழுப்புத் திசு நடுத்தரச் சாம்பல் நிறமாகத் தெரியும்படி வைப்பது எளிய வழி. கெயின் குறைந்தால் திடக்கட்டி நீர்க்கட்டியாகத் தெரியும். கூடினால் நீர்க்கட்டி திடக்கட்டியாகத் தெரியும். முதல் தவறுதான் ஆபத்தானது.

கட்டி கையில் தட்டுப்பட்டால், அவரையே விரலை வைத்துக் காட்டச் சொல்லி, உங்கள் இரு விரல்களுக்கிடையே அதைப் பிடித்துக்கொண்டு ப்ரோபை வையுங்கள். தொட்டுணர்ந்ததையும் திரையில் கண்டதையும் இணைக்க இதைவிட உறுதியான வழி இல்லை.

முலைக்காம்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு நிழல் விழும். ப்ரோபைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பார்த்தால்தான் அதன் பின்னுள்ள பால்நாளங்கள் தெரியும். அந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுபவர்கள் நிறைய.

ஒவ்வொரு படத்திலும் எந்தப் பக்கம், எத்தனை மணி நிலை, முலைக்காம்பிலிருந்து எத்தனை செ.மீ., ப்ரோப் எந்தத் திசையில் என்ற நான்கும் பதிவாக வேண்டும். கட்டியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் எடுங்கள். அளவுகோல் புள்ளிகளுடன் ஒன்றும், அவை இல்லாமல் ஒன்றும். விளிம்புதான் தீர்ப்பைச் சொல்லும்; புள்ளிகள் அந்த விளிம்பின்மேல்தான் உட்காரும்.

7. கட்டியா, போலியா என்று பிரிப்பது

விவரிக்கத் தொடங்குமுன் அது உண்மையில் கட்டிதானா என்று பாருங்கள். கொழுப்பு மடல் ஒரு திசையில் கட்டியைப் போலவே உருண்டையாகத் தெரியும். ப்ரோபை 90 பாகை திருப்பினால் நீண்டு, அக்கம்பக்கக் கொழுப்புடன் கலந்துவிடும். தசைநார் பட்டைகள் தரும் நிழல், ப்ரோபைச் சற்று அழுத்தினாலோ சாய்த்தாலோ மறையும். புற்றுநோயின் நிழல் அப்படிக் கலையாது. விலா எலும்பின் குருத்தெலும்பு மார்புத் தசைக்கு அடியில் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் அதைக் கட்டி என்று அளக்கும் சங்கடம் நேராது.

கட்டிதான் என்றால் வடிவம், கிடக்கும் திசை, விளிம்பு, உள்ளெதிரொலி, கட்டிக்குப் பின்னால் தெரியும் நிழல் அல்லது வெளிச்சம் என்ற வரிசையில் விவரியுங்கள். முட்டை வடிவம், தோலுக்கு இணையாகக் கிடப்பது, சுற்றிலும் தெளிவான விளிம்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஒரு திடக்கட்டியை 'அநேகமாகச் சாதாரணக் கட்டி' எனலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தகுதி போய்விடும். அகலத்தைவிட உயரம் கூடுதலாக நிமிர்ந்து நிற்பது, முட்கள்போல் கதிர்கள் நீளும் விளிம்பு, கோணலான விளிம்பு, பின்னால் அடர் நிழல் ஆகியவை சந்தேகக் குறிகள். ஒரு கட்டியில் பத்து நல்ல குறிகளும் ஒரு கெட்ட குறியும் இருந்தால், அந்த ஒன்றே தீர்மானிக்கும்.

கட்டிக்குப் பின்னால் வெளிச்சமாகத் தெரிந்தால் நீர்க்கட்டி என்று முடிவு கட்டுவது இன்னொரு பொறி. வேகமாக வளரும் சில புற்றுநோய்களும், கூழ் நிறைந்த வகைப் புற்றுநோயும் உருண்டையாக, பின்வெளிச்சத்துடன் தெரியும். உள்ளே எதிரொலியே இல்லாமல், மெல்லிய சுவருடன், பின்வெளிச்சத்துடன் இருப்பது மட்டுமே எளிய நீர்க்கட்டி. ஐயம் வந்தால் டாப்ளரை இயக்கி உள்ளே இரத்த ஓட்டம் உண்டா என்று பாருங்கள். ப்ரோபை அழுத்திப் பிடித்தால் சிறு நாளங்களின் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் கை லேசாக இருக்க வேண்டும். திசுவின் கடினத்தை அளக்கும் எலாஸ்டோகிராபி துணைக்கு உதவும், ஆனால் சந்தேகமான விளிம்புள்ள கட்டி மென்மையாக இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

8. இரண்டு படங்களையும் பொருத்திப் பார்ப்பது

இப்போது மேமோகிராமைத் திரையில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு, வடிவம், இடம், சுற்றியுள்ள திசு ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். நான்காவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மேமோகிராமில் நிழலைச் சுற்றிலும் கொழுப்பு இருந்தால், அல்ட்ராசவுண்டிலும் கட்டியைச் சுற்றிக் கொழுப்பே இருக்க வேண்டும். நீங்கள் கண்டது வெளிர் சுரப்பித் திசுவின் நடுவில் இருக்கிறது என்றால், அளவும் மணி நிலையும் பொருந்தினாலும் அது வேறொன்று.

பொருந்தவில்லை என்றால் தேடலைத் தொடருங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால், மேமோகிராமின் சந்தேகம் அப்படியே நிற்கிறது. கதிர்கள் நீளும் நிழல், திசுவின் ஒழுங்கு இழுபட்டுக் குலைந்திருப்பது, சந்தேகமான சுண்ணாம்புத் துகள்கள் ஆகியவை ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் நல்லவையாகிவிடாது; மேமோகிராமின் வழிகாட்டலிலேயே அவற்றுக்குப் பயாப்ஸி செய்ய வேண்டும். அதேபோல் இரண்டிலும் எதுவும் தெரியாதபோதும், கையில் தட்டுப்படும் கட்டி கெட்டியாக, அசையாமல், தோலை இழுத்துக்கொண்டு இருந்தால், மருத்துவரின் கை சொல்வதை நம்பிப் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும்.

9. அக்குள்

கட்டி சந்தேகத்துக்குரியது என்று தோன்றினால் அதே அமர்விலேயே அக்குளையும் பாருங்கள். நிணநீர்க் கணுவின் புறணி (வெளி அடுக்கு) 3 மி.மீ.-க்கு மேல் தடித்திருந்தாலோ, நடுவிலுள்ள கொழுப்பு மறைந்திருந்தாலோ அதிலிருந்தும் ஊசியால் மாதிரி எடுக்க வேண்டிவரும். சிகிச்சையின் வரிசையையே இது மாற்றக்கூடும்.

10. ஒரே அறிக்கை, ஒரே முடிவு

மேமோகிராமுக்கு ஒரு பைராட்ஸ் எண்ணும் (புற்றுநோய்ச் சந்தேகத்தின் அளவை அறிக்கையில் குறிக்கும் எண்) அல்ட்ராசவுண்டுக்கு இன்னொன்றும் கொடுத்து இரண்டு தாள்களாக அனுப்பினால், எதைப் பின்பற்றுவது என்று அனுப்பிய மருத்துவர் குழம்புவார். இரண்டையும் எடைபோட்டு ஒரே இறுதி எண் கொடுங்கள். மேமோகிராம் நிழல் எளிய நீர்க்கட்டிதான் என்று ஸ்கேன் மெய்ப்பித்துவிட்டால் 2 (தீங்கற்றது) என்று முடித்துவிடலாம். மற்றபடி, இரண்டில் அதிகச் சந்தேகம் எதுவோ அதுவே இறுதி எண்.

3 என்பது புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லாதவற்றுக்கு மட்டும். 6, 12, 24 மாதங்களில் மறு ஸ்கேன் செய்ய வேண்டும். தீர்மானிக்க முடியாதவற்றையெல்லாம் 3-இல் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அது தவறு. 4 என்பது 2 முதல் 95 சதவீதம் வரை நீளும் பெரிய வகை என்பதால் 4ஏ (10 வரை), 4பி (50 வரை), 4சி (95 வரை) என்று பிரித்தே எழுதுங்கள். 5 என்பது 95 சதவீதமும் அதற்கு மேலும். எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின் 0 என்று எழுதி நிறுத்தக் கூடாது. அது பாதி வேலைக்கான எண்.

11. பயாப்ஸியும் அதற்குப் பின்னும்

அல்ட்ராசவுண்டில் தெரியும் கட்டிக்கு அதன் வழிகாட்டலிலேயே ஊசி போடுவது எளிது: கதிர்வீச்சு இல்லை, அழுத்தம் இல்லை, ஊசியின் நுனியை நேரடியாகப் பார்க்கலாம். மரத்துப்போகும் ஊசி போட்டபின், வழக்கமாக 14 கேஜ் தடிமனுள்ள ஊசியால் திசுத் துண்டுகள் எடுக்கப்படுகின்றன. ஊசி மார்புக்கூட்டுக்கு இணையாகச் செல்ல வேண்டும். சரிவாகப் போனால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையைத் துளைக்கும் அபாயம் உண்டு. ஊசி கட்டிக்குள் இருப்பதைக் காட்டும் படத்தைச் சேமித்துவையுங்கள்.

எடுத்த இடத்தில் ஒரு சிறு உலோகக் கிளிப்பை வைத்து, சி.சி., நேர்ப் பக்கவாட்டு என இரண்டு மேமோகிராம் படங்களை எடுங்கள். கிளிப் மேமோகிராம் நிழலுக்குள் அமர்ந்திருந்தால், இரண்டும் ஒன்றுதானா என்று தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு ஐயமற்ற விடை அதுதான். வேறிடத்தில் இருந்தால், ஸ்கேனில் கண்டது ஒன்று, மேமோகிராமில் கண்டது மற்றொன்று. பின்னதற்குத் தனியே பயாப்ஸி தேவை.

நோய்க்கூற்று முடிவு வந்ததும் கோப்பை மூடிவிடாமல், அதைப் படங்களுடன் மீண்டும் ஒப்பிட வேண்டும். படத்தில் 5 என்று எழுதிய கட்டிக்கு 'சாதாரண மார்பகத் திசு' என்று முடிவு வந்தால், ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்த நிலையில் ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லாமல், வெற்றிட உறிஞ்சு ஊசியால் மீண்டும் மாதிரி எடுப்பதோ, அறுவை மூலம் கட்டியை அகற்றிச் சோதிப்பதோதான் அடுத்த படி. சுண்ணாம்புத் துகள்களுக்காக எடுத்த துண்டுகளில் அந்தத் துகள்கள் இருக்கின்றனவா என்று துண்டுகளையே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்த நோயாளியை மேசையிலிருந்து எழுந்திருக்கச் சொல்ல வேண்டும்.